ராடு எண்ணிக்கையும் ரோபோவின் கணக்கும்

இரவு பதினொரு மணி. திருச்செங்கோட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் போர் ஓட்டுகிறார்கள். முப்பத்திரண்டு ராடு இறங்கிவிட்டது, முப்பத்து மூன்றாவது இறங்குகிறது. ராடு ஒன்றுக்கு 20 அடி. ஆக, சுத்தி 640 அடியைத் தாண்டிவிட்டது என்று கணக்கு சொல்கிறது. யாரும் பார்த்துச் சொல்வதில்லை. ஆறரை இஞ்ச் குழிக்குள் அந்த ஆழத்தில் பார்க்க என்ன இருக்கிறது? டிரில்லர், மேலே பீய்ச்சும் பொடியில் ஒரு பிடி அள்ளி விரலால் தேய்க்கிறார். கம்ப்ரசர் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தலையைத் திருப்புகிறார். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பையன் கேட்கிறான்: “எப்படிங்ண்ணா தெரியுது?”

“பொடி நெறம் மாறுது பாரு தம்பி. இன்னும் ரெண்டு ராடுல ஈரம் தட்டும்னு நெனைக்கறேன்.”

அவர் “தட்டும்” என்று மட்டும் சொல்லவில்லை, “நெனைக்கறேன்” என்றும் சேர்த்துக்கொண்டார். மெக்கட்ரானிக்ஸ் படிக்கும் அந்தப் பையன் மேல்நிலை ரோபோ புரோகிராமிங் என்ற பெயரில் கற்றுக்கொள்ளப் போவதில் பெரும்பங்கு, அந்த “நெனைக்கறேன்” என்ற சொல்லை எப்படி எண்ணாக எழுதுவது என்பதுதான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் ரோபோ என்றதும் பேச்சு வாங்குவதில் போய் நிற்கிறது. எந்த ரோபோ, எவ்வளவு விலை, எந்த போர்டு, கை எத்தனை மூட்டு. “ராஸ் படிக்கணும் சார், எந்த ரோபோ வாங்கட்டும்?” என்று கேட்கும் மாணவருக்கு என் பதில், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான். ஒரு மடிக்கணினி, அதில் உபுண்டு லினக்ஸ். அதுவே ஓராண்டுக்குப் போதும். சிக்கனத்துக்காக இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

ராஸ் என்பதன் விரிவு ரோபோ ஆபரேட்டிங் சிஸ்டம். பெயரே முதல் குழப்பம், ஏனென்றால் அது ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை. லினக்ஸின் மேல் உட்கார்ந்து வேலை செய்யும் கருவித் தொகுப்பு. புரோகிராமிங் மொழியும் இல்லை. நீங்கள் எழுதுவது பைத்தானில் அல்லது சி பிளஸ் பிளஸ்ஸில். அப்படியானால் ராஸ் என்ன தருகிறது?

ரிக் லாரி கட்டும் பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் சுலபமாக விளங்கும். சேஸிஸ் ஒரு கம்பெனி. கம்ப்ரசர் கோவையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறது. ஹைட்ராலிக் பம்ப் வேறு இடம். மாஸ்ட்டை உள்ளூரிலேயே வெல்டு வைத்து நிறுத்துகிறார்கள். இவர்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாம் சேர்கிறது, ஏனென்றால் பிளாஞ்சின் துளைகளும், மரையின் அளவும், ஹோஸின் விட்டமும் முன்கூட்டியே பேசி முடிவான விஷயங்கள். ராஸ் செய்வதும் அந்த மரை வேலைதான். கேமராவைப் படிக்கும் நிரல் ஒன்று, சக்கரத்தைச் சுற்றும் நிரல் ஒன்று, வழி தேடும் நிரல் ஒன்று எனத் தனித்தனி நிரல்கள். இவற்றுக்கு நோடு என்று பெயர். ஒரு நோடு தன்னிடம் இருக்கும் செய்தியை டாபிக் என்னும் பொதுப்பலகையில் போடும். வேண்டிய நோடு எடுத்துக்கொள்ளும். போட்டவர் யார் என்று எடுப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. செய்தியின் வடிவம் மட்டும் முன்பே முடிவானது. உதாரணமாக, ‘ட்விஸ்ட்’ என்னும் செய்தியில் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர், திரும்பும் வேகம் நொடிக்கு இத்தனை ரேடியன் என்றுதான் எழுத வேண்டும். அடியிலோ டிகிரியிலோ எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். ரோபோதான் சுவரில் முட்டும். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்ததே, ஒரு தரப்பு பிரிட்டிஷ் அளவையிலும் மறுதரப்பு மெட்ரிக் அளவையிலும் கணக்குப் போட்டதால்தான். மரை சேராத போல்ட் அது.

இது உருவான கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2000-களின் நடுவில் ஸ்டான்போர்டில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த கீனன் வைரோபெக், எரிக் பெர்கர் இருவரும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ரோபோ ஆராய்ச்சிக்கு வரும் ஒவ்வொருவரும் முதல் சில ஆண்டுகளை மோட்டாரை ஓட்டும் நிரல், சென்சாரைப் படிக்கும் நிரல் என்று அடித்தளம் போடுவதிலேயே செலவழித்தார்கள். பட்டம் வாங்கிப் போனதும் அந்த அடித்தளம் மண்ணாகிவிடும். அடுத்தவர் மறுபடி கல் சுமப்பார். இதற்கு ஒரு பொது அடித்தளம் போட்டால் என்ன என்ற எண்ணம், ஸ்காட் ஹாசன் தொடங்கிய வில்லோ கராஜ் என்ற நிறுவனத்தில் 2007 வாக்கில் ராஸாக வளர்ந்தது. அங்கே அவர்கள் கட்டிய பிஆர்2 என்னும் இரண்டு கை ரோபோவின் விலை ஏறத்தாழ 4 லட்சம் டாலர். 2010-இல் அதில் 11 ரோபோக்களை ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். எழுதும் நிரலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அதே ஆண்டில், வீடு கூட்டும் இயந்திரத்தின் அடிப்பாகத்தையும் விளையாட்டுக் கேமராவையும் சேர்த்து டர்டில்பாட் என்ற மலிவான வண்டியையும் அங்கேயே இருவர் உருவாக்கினார்கள். இன்று பெரும்பாலானோர் ராஸ் கற்கத் தொடங்குவது அந்த ஆமையின் வாரிசுகளில்தான். பிஆர்2 வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

திறமூலம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓப்பன் சோர்ஸ் என்றால் ஓசி என்று நம் காதில் விழுகிறது. காசு இல்லாதது உண்மைதான், ஆனால் அது சின்ன லாபம். லாரி ஓடும் ஊரில் இதை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். பானெட்டைத் திறக்கவே முடியாதபடி சீல் வைத்த வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் சங்ககிரியில் யாரும் வாங்க மாட்டார்கள். திறமூலத்தில் பானெட் திறந்திருக்கிறது. வழி தேடும் நிரல் ஏன் இடப்பக்கம் திரும்பியது என்று தெரிய வேண்டுமா, அந்த வரிக்கே போய்ப் படிக்கலாம், மாற்றலாம். ராஸின் முக்கியப் பகுதிகள் பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 போன்ற தளர்வான உரிமங்களில் வருகின்றன. அதை வைத்து ஒரு பொருள் செய்து விற்றால், உங்கள் சொந்த நிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜிபிஎல் உரிமம் வேறு மாதிரி. அதன்கீழ் வரும் நிரலை மாற்றி விற்றால், மாற்றியதையும் வாங்கியவருக்குத் திறந்து கொடுக்க வேண்டும். பட்டறை முதலாளி ஒருவர் மாணவர்களைக் கொண்டு ஏதாவது செய்யச் சொல்லும் முன் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, இனி மேல்நிலை என்ற சொல். ராஸில் முதல் நாள் பாடம் டர்டில்சிம். திரையில் ஒரு ஆமை. அம்புக்குறியைத் தட்டினால் நகரும். இரண்டாம் வாரம் கெசீபோ. இது தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய, எடையும் உராய்வும் மோதலும் கணக்கிடும் போலி உலகம். அதற்குள் ஒரு வண்டியை ஓட்டிவிடலாம். பெரும்பாலான மாணவர்கள் இங்கேயே வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, படித்து முடித்ததாக நினைக்கிறார்கள். ரோபோவை நகர்த்துவது கடினமில்லை. எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிய வைப்பதுதான் கடினம்.

ராடு எண்ணுவது போல ரோபோ சக்கரச் சுற்றுகளை எண்ணுகிறது. இத்தனை சுற்று, சக்கர விட்டம் இத்தனை, ஆகவே இவ்வளவு தூரம். இதற்கு ஓடோமெட்ரி என்று பெயர். ஆனால் தரை வழுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. கணக்கு மட்டும் முன்னேறிக்கொண்டே போகும். போர் போடுகிறவர்களுக்கும் இதன் தம்பி ஒருவனைத் தெரியும்: குழி கோணிப்போனால் ராடு எண்ணிக்கை 640 அடி என்று சொல்லும், நேர் ஆழம் அதைவிடக் குறைவாக இருக்கும். எண்ணிக்கையில் வரும் பிழையின் குணம் அது கூடிக்கொண்டே போவது. முதல் அடியில் நடந்த சறுக்கல் கடைசி அடி வரை கூடவே வரும்.

அதனால் இன்னொரு சாட்சி வேண்டும். இங்கே போர் போடும் முன் விவசாயி என்ன செய்கிறார்? தேங்காய் வைத்துப் பார்ப்பவர் 400 அடி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் வைத்துப் பார்த்தவர் 700 என்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் 550-இல் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் தெரியும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும் விவசாயியை நான் பார்த்ததில்லை. தேங்காய்க்காரர் போன முறை எவ்வளவு தவறினார், பக்கத்துத் தோட்டம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் மனசுக்குள் எடை போட்டு ஒரு ஆழத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். கூடவே, எவ்வளவு முன்னே பின்னே போகலாம் என்றும். போர் இறங்க இறங்க, வரும் பொடியைப் பார்த்து அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறார்.

ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்ட முறை, கணித மொழியில் இதையே செய்கிறது. ஒரு கணிப்பு, அதன் மேல் எவ்வளவு நம்பிக்கை என்ற ஒரு எண். ஒரு அளவீடு, அதன் மேலும் எவ்வளவு நம்பிக்கை என்ற ஒரு எண். நம்பிக்கை கூடின பக்கம் விடை சாயும். சாய்ந்த பிறகு, புது விடையின் மேல் உள்ள நம்பிக்கையும் கணக்கிடப்படும். அப்பல்லோ விண்கலம் வழி அறிய இந்த முறை பயன்பட்டது. இன்று ராஸில் இதற்கென ஆயத்தமாக ஒரு தொகுப்பே இருக்கிறது. சக்கரச் சுற்று எண்ணிக்கையையும், சாய்வைச் சொல்லும் சென்சாரையும், ஜிபிஎஸ்ஸையும் கொடுத்தால் சேர்த்து ஒரு விடை தரும். ஆனால் ஒவ்வொரு சாட்சியையும் எவ்வளவு நம்பலாம் என்ற எண்ணை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு இணையத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்துப் போடுகிறவர் தேங்காய்க்காரரையும் மீட்டரையும் ஒரே தட்டில் வைக்கிறார்.

கால்மன் முறைக்கு ஒரு குறை உண்டு. அது ஒரே ஒரு எண்ணத்தை மனசில் வைத்துக்கொண்டு திருத்துகிறது. ஆரம்பத்தில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாவிட்டால்? சேலத்தில் ஈரோடு பஸ் ஏறித் தூங்கிவிட்டீர்கள். விழித்தால் வெளியே இருட்டு. சங்ககிரியா, குமாரபாளையமா, ஈரோட்டையே நெருங்கிவிட்டோமா? மனசு பல இடங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு பட்டறை விளக்கு கண்ணில் படுகிறது. அது எல்லா ஊரிலும் இருக்கும், பயனில்லை. கீழே அகலமாகத் தண்ணீர் தெரிந்தால் போதும். காவிரிப் பாலம். மற்ற எண்ணங்கள் எல்லாம் ஒரே நொடியில் செத்துவிடும். ரோபோ இதைப் பார்டிக்கிள் ஃபில்டர் என்னும் முறையில் செய்கிறது. வரைபடத்தின் மேல் ஆயிரக்கணக்கில் “இங்கே இருக்கலாம்” என்ற அம்புகளைத் தூவி, லேசர் சென்சார் சுவரைக் காணும்போதெல்லாம் பொருந்தாத அம்புகளை அழித்து, பொருந்துவதைப் பெருக்கும். செபாஸ்டியன் த்ரன், வொல்ஃப்ராம் பர்கார்ட், டீட்டர் ஃபாக்ஸ் மூவரும் 2005-இல் எழுதிய புத்தகம் இந்தத் துறையின் அடிப்படை நூல். அதன் மையக் கருத்தே, ரோபோவுக்கு ஒன்றும் உறுதியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அங்கிருந்து தொடங்குவதுதான்.

போர்க்குழி பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் போர்க்குழி மீட்பு ரோபோ அடிக்கடி காணும் தலைப்பு. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் குழிக்குள் விழுந்த சிறுவனை, மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி உயிருடன் மேலே கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பல குழுக்கள் முயன்றும் இரண்டு வயதுக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்தில் இணையாகக் குழி தோண்டியபோது கடினமான பாறை குறுக்கே நின்றது. மணிகண்டனின் கருவி தானாக முடிவெடுப்பதில்லை. மேலே இருப்பவர் கேமராவில் பார்த்துக் கையை இயக்குகிறார். அதைக் குறையாகச் சொல்லி, “எங்களுடையது ஏஐ” என்று ஒட்டிக்கொள்ளும் புராஜெக்ட்டுகளைப் பார்க்கிறேன். உயிர் ஊசலாடும் இடத்தில், குறுகிய குழியில், மனிதன் பார்த்து இயக்குவதே சரியான வடிவமைப்பு. எங்கே தானியக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரிக்கத் தெரிவதும் இந்தப் படிப்பில் அடங்கும். (அது போக, கைவிட்ட குழிக்கு ஒரு மூடி போட்டிருந்தால் ரோபோவே தேவைப்பட்டிருக்காது.)

தொழிற்சாலையிலும் இதே பிரிவினைதான். ஒரே இடத்தில் வந்து நிற்கும் ஒரே பாகத்துக்கு ஒரே வழியில் வெல்டு வைக்கும் கைக்கு ராஸ் வேண்டியதில்லை. டீச் பெண்டன்ட்டைக் கையில் பிடித்து ஒவ்வொரு புள்ளியாகக் காட்டிக்கொடுத்தால் போதும். ஏபிபி, ஃபானுக், குகா ஆகிய ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்கெனச் சொந்த மொழி இருக்கிறது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ரோபோ வேலைக்குப் போகும் பலருக்கு முதலில் தேவைப்படுவது அதுவும் பிஎல்சியும்தான். ராஸ் படித்தால் மறுநாள் வேலை என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பாகம் ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் வந்து நின்றால், கூடையில் குவிந்து கிடந்தால், வண்டி ஆட்கள் நடமாடும் தளத்தில் ஓட வேண்டியிருந்தால், அங்கேதான் பெண்டன்ட் கைவிட்டுவிடும். உள்ளூர்ப் பட்டறைகளில் மாஸ்ட் ஒவ்வொன்றும் ஒரு மில்லியாவது வித்தியாசமாகத்தான் வருகிறது என்பதை வெல்டர்களே சொல்வார்கள்.

படிக்க உட்காருபவர்களை முதலில் விரட்டுவது கணிதம் என்று நினைத்தால் தவறு. பதிப்புக் குழப்பம்தான் விரட்டுகிறது. பழைய ராஸ் 1-இல் எல்லா நோடுகளும் ஒரு தலைமை நிரலிடம் பதிவு செய்துகொண்டுதான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அது நின்றால் புது இணைப்பு ஏதும் நடக்காது. இதையும் பாதுகாப்புக் குறைகளையும் சரிசெய்யப் புதிதாக எழுதியதே ராஸ் 2. முதல் முறையான பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது. ராஸ் 1-இன் கடைசிப் பதிப்பான நோயெடிக் 2020-இல் வெளியாகி, 2025 மே மாதத்தோடு பராமரிப்பு முடிந்தது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி இன்னும் ராஸ் 1-க்கு எழுதியவை. மாணவர் ராஸ் 2-இன் பதிப்புகளான ஹம்பிளோ ஜாஸியோ நிறுவிவிட்டு, பழைய பாடத்தில் உள்ள கேட்கின் மேக் கட்டளையைத் தட்டுகிறார். வராது. இப்போது அந்த இடத்தில் கோல்கான். தனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை என்று மூடி வைத்துவிடுகிறார். புதிதாகத் தொடங்குபவர் உபுண்டு 24.04-உம் அதற்கு இணையான ஜாஸியும் எடுத்துக்கொள்வது நல்லது. 2029 வரை பராமரிப்பு உண்டு. பாடம் எதுவாயினும், எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதை முதல் பத்தியிலேயே தேடிப் பார்த்த பிறகுதான் கட்டளையைத் தொட வேண்டும்.

அடுத்த எதிரி, சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்தி. ராஸ் கற்கும் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் ஒன்று உண்டு. எதிர்காலத்துக்குள் நீட்டிக் கணிக்க வேண்டியிருக்கும் என்று அது புலம்பும். ஜோசியம் கேட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அது சொல்வது எளிமையானது. ரோபோவின் ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்கிறது என்பதை ராஸ் நேரமுத்திரையோடு எழுதி வைக்கிறது. கேமரா இந்த நொடியில் அடித்தட்டுக்கு எந்தப் பக்கம், அடித்தட்டு அறைக்கு எந்தப் பக்கம் என்று ஒரு சங்கிலி. இன்னும் குறிப்பில் ஏறாத ஒரு நேரத்துக்கு நீங்கள் விடை கேட்டிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: இரு கணினிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை, அல்லது கெசீபோவின் போலி நேரத்தில் சில நோடுகளும், சுவர்க்கடிகார நேரத்தில் சில நோடுகளும் ஓடுகின்றன. போலி நேரத்தைப் பயன்படுத்து என்ற ஒரு அமைப்பை எல்லா நோடுகளிலும் ஒரே மாதிரி வைத்தால் தீரும். இதைத் தானே கண்டுபிடித்த மாணவர் நேரமும் இடமும் பின்னியிருப்பதைப் புரிந்துகொண்டுவிடுகிறார். விடையை நகலெடுத்தவருக்கு அடுத்த மாதம் அதே பிழை வேறு சட்டை போட்டு வரும்.

ஆங்கிலம் ஒரு தடை என்பதை மறுக்க முடியாது. ராஸின் ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அதற்குக் கீழே உள்ள படிகளுக்குத் தமிழ் உண்டு. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் கட்டளைகள், பைத்தான், சி மொழிப் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் கணியம் மின்னிதழ் தமிழில் எழுதிவருகிறது. அதே ஐஐடி பம்பாயில் கவி ஆர்யா வழிநடத்தும் இ-யந்த்ரா திட்டம், 2012-இல் இருந்து நாடெங்கும் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி நடத்துகிறது. ஒரு பொதுக் கதைக்களம் கொடுத்து, கற்றுக்கொண்டே போட்டியிட வைக்கிறார்கள். பல பணிகள் போலி உலகில்தான், ரோபோ வாங்காமலே நுழையலாம். கல்லூரியில் ரோபோ ஆய்வகம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லும் மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆய்வகம் இருக்கும் கல்லூரிகளிலோ, விலையுயர்ந்த கை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஆய்வுக் குழு வரும் நாளுக்காகக் காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கல்லூரிப் பையன் வார இறுதியில் செய்து பார்க்க ஒரு வேலை. கெசீபோவில் டர்டில்பாட் 3-ஐ நிறுத்தி, பக்கத்துக்கு 2 மீட்டர் சதுரமாகப் பத்து முறை சுற்ற விடட்டும். சக்கரச் சுற்று எண்ணிக்கை சொல்லும் பாதையையும் கெசீபோ சொல்லும் உண்மையான பாதையையும் ஒரே தாளில் வரையட்டும். பிறகு தரையின் உராய்வைக் குறைத்து மறுபடி ஓட்டட்டும். இரண்டு சதுரங்களும் மெல்ல விலகிப்போவது கண்ணுக்குத் தெரியும். அடுத்து வரைபடத்தையும் லேசரையும் கொடுத்துப் பார்டிக்கிள் ஃபில்டரை இயக்கினால், திரையில் அம்புகள் கூட்டமாகப் பரவி, வண்டி மூலையைக் கண்டதும் ஒன்றாகச் சேரும். எல்லாம் அழகாகச் சேர்ந்ததும், ஓடும் வண்டியை மவுஸால் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிடட்டும்.

பெரும்பாலும் அம்புகள் பழைய அறையிலேயே, இறுக்கமாக, முழு நம்பிக்கையோடு நிற்கும். சென்சார் காட்டும் சுவர்கள் ஒன்றும் பொருந்தாது. ஆனாலும் வேறு இடத்தில் அம்பே மிச்சம் இல்லாததால், மாற்றி யோசிக்க அதனிடம் எதுவும் கிடையாது. அந்த நிரலின் அமைப்புகளில், சந்தேகம் வந்தால் புதிதாகச் சில அம்புகளைத் தூவு என்று சொல்லும் இரண்டு எண்கள் இருக்கின்றன. நிறுவும்போது இரண்டும் சுழியத்தில் கிடக்கும். எவ்வளவு வைப்பது, கூட வைத்தால் என்ன கெடும் என்பதை அவன் ஓட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.